மறு உத்தரவு வரும் வரை

மலை மேலிருக்கும் திருப்புலி நாட்டிலிருந்து ஒரு பெண் நீதிபதியானாள் என்றால், மலைக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஓயமாட்டார்கள். அவள் பெயர் கண்ணாயி. சட்டக் கல்லூரியில் படிக்கும்போதே பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இந்தப் பெயரோடு போனால் வக்கீலுக்கு வழக்குக் கட்டுத் தூக்கும் ஜூனியராகக்கூட எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான் என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாமக்கல்லில் எட்டு வருஷம் கட்டுத் தூக்கினாள், மூன்று முறை தேர்வு எழுதினாள், மூன்றாவது முறை தேறினாள். அப்புறம் அதே பெயர் ஒரு கறுப்புப் பலகையில், குற்றவியல் நடுவர் என்ற எழுத்துக்கு மேலே ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

வேலைக்குப் போகுமுன் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் பந்தல் போட்டு அவளுக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். மாலைகள் கழுத்தை மூடி மூக்கைத் தொட்டன. மைக்கைப் பிடித்து அவள் ஒரே ஒரு விஷயம்தான் பேசினாள்.

"இனிமே வழக்கு வம்புன்னு யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுங்க. சொந்தமா இருந்தாலும் கேக்கக் கூடாது. கேட்டா எம்பேரும் கெடும், நம்ம மலை பேரும் கெடும்."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. கேட்டவர்கள் அந்தப் பேச்சை அப்படியே கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அவளைப் பெற்ற அப்பாவே, தன் கிழங்குக் காட்டு எல்லைத் தகராறு நாலு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்ததை அவளிடம் மூச்சுவிடவில்லை. யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்தபோது, கண்ணாயிக்கு உள்ளூர ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது அவளுக்கே தன் மேல் வெறுப்பு வருகிறது.

சொந்த மாவட்டத்தில் வேலை போடமாட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டில்தான் உட்கார்ந்தாள். அங்கே சந்தைக்கு மிளகும் பலாவும் கொண்டுவரும் மலை ஆட்கள் அவ்வப்போது வழக்கிலும் சிக்குவார்கள். ஒருமுறை அப்படிச் சிக்கிய இரண்டு பேரைச் சாட்சியில்லை என்று விடுதலை செய்தாள். உடனே மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போனது: 'மலைக்காரன் என்றால் இந்த அம்மாவிடம் தனிச் சட்டம்.' விசாரித்தார்கள், ஒன்றுமில்லை என்று மூடினார்கள். ஆனால் அந்தக் கடிதாசியைக் கண்ணாயி மனசுக்குள் மூடவில்லை. அன்றிலிருந்து மலைக்காரர் யாராவது கூண்டில் நின்றால் அவள் குரல் ஒரு படி இறுகிவிடும்.

இப்படியிருக்கும்போதுதான் அக்டோபர் மாதம் டபேதார் கூப்பிட்டார்: "செங்கோடன்! செங்கோடன்! செங்கோடன்!"

கூண்டில் வந்து நின்றவனை அவளுக்குத் தெரியும். உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரை ஒரே வகுப்பு. பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். கணக்கில் அவளுக்கு என்றைக்கும் இரண்டாம் இடம்தான். அவன் அப்பா செத்துப்போனதும் படிப்பை விட்டு மண்வெட்டியைத் தூக்கினான். படிப்பை வைத்துப் பார்த்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் அவன். உறவு ஒன்றுமில்லை, ஆகவே வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொள்ளக் காரணமுமில்லை. அவன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் கையைக் கட்டித் தலையைக் குனிந்துகொண்டான்.

சந்தையில் மிளகு மூட்டையை வியாபாரி காலால் எட்டி உதைத்திருக்கிறான். இவன் அவனைத் தள்ளியிருக்கிறான். எடைக்கல்லில் விழுந்து வியாபாரிக்கு மண்டை உடைந்தது. இலவச சட்ட உதவியில் வந்த முரளி என்ற வக்கீல் ஜாமீன் கேட்டார். அரசுத் தரப்பில் எழுந்து, "எதிரி மலைக்காரர். மேலே ஏறிவிட்டால் பிடிக்க முடியாது. கடுமையான நிபந்தனை வேண்டும்" என்றார்கள். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்றுதான் பெயர்.

கண்ணாயி எழுதினாள்: 'மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்.'

எல்லோருக்கும் எழுதுகிற வரிதான். ஆனால் அந்த மலை அவளுக்குத் தெரியாததா? கீழே ஸ்டேஷனுக்கு வர, முதல் பஸ்ஸைப் பிடித்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி, நாமக்கல் என்று சுற்றிவந்தால் மதியமாகிவிடும். இல்லையென்றால் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, இறங்க இரண்டரை மணி நேரம், ஏற நாலு மணி நேரம். வாரம் ஒரு நாள் என்று எழுதியிருக்கலாம். அந்த மொட்டைக் கடிதாசி நினைவுக்கு வந்தது. பதினைந்தாம் நாள் வக்கீல்கள் வழக்கமாக நிபந்தனைத் தளர்வு மனுப் போடுவார்கள், அது வந்தவுடன் தளர்த்திவிடலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் மனு வரவில்லை. இருபதாம் நாளும் வரவில்லை. காலையில் தலைமை எழுத்தர் பெஞ்சமின் கட்டைக் கொண்டுவந்து வைத்ததும் அவள் முதலில் தேடியது அந்த மனுவைத்தான். "புதுசா மனு வேற ஏதாச்சும் இருக்கா?" என்று தினமும் கேட்டாள். "அவ்வளவுதாம்மா" என்று அவரும் தினமும் சொன்னார். யாருக்காகக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியாது, சொல்லவும் அவளால் முடியாது. நீதிபதி மனுவுக்காகக் காத்திருக்கலாம். ஆள் விட்டு மனுப் போடச் சொல்ல முடியுமா?

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. போலீசிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது: எதிரி நாற்பத்து நான்கு நாட்கள் தவறாமல் கையெழுத்திட்டார், கடந்த மூன்று நாட்களாக வரவில்லை, ஜாமீனை ரத்து செய்ய வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மூன்று நாளாக மழை விட்டபாடில்லை என்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. இருந்தாலும் கோபம்தான் முந்திக்கொண்டது. இத்தனை நாள் வந்தவன் ஒரு மனுவைப் போட்டுவிட்டு நின்றிருக்கக் கூடாதா? ஜாமீனை ரத்து செய்து, பிடிவாரண்டில் கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் நாள் வாரண்ட் திரும்பி வந்தது. பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தது: 'எதிரி 19ஆம் தேதி காலை கையெழுத்திட வரும் வழியில் ஓடை வெள்ளத்தில் சிக்கி இறந்துவிட்டார். வாரண்டை நிறைவேற்ற இயலவில்லை.' மலை இன்னொரு மாவட்டம், அங்கே பதிவான சாவு இங்கே யாருக்கும் தெரியவில்லை. செத்து மூன்றாம் நாள் அவள் அவனைப் பிடித்துவரச் சொல்லியிருக்கிறாள். எதிரி இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்படுகிறது என்று எழுதி, கட்டை மூடினாள்.

டிசம்பரில் லீவு போட்டுக்கொண்டு மேலே போனாள். போகலாமா கூடாதா என்று பத்து நாள் தனக்குத்தானே வழக்காடிவிட்டுத்தான் போனாள். செங்கோடன் வீட்டுக்குப் பக்கத்துக் கிழங்குக் காட்டைப் பன்றி கிண்டிப் போட்டிருந்தது. காவலுக்கு ஆள் இல்லாத காடு. அவன் மனைவி பானுமதி வாசலுக்கு வந்தாள்.

"வாங்க அம்மணி" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் கண்ணாயிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் பானுமதி, தளர்த்தச் சொல்லி ஒரு மனுப் போட்டிருக்கலாமே. வக்கீல் சொல்லலையா?"

"ரெண்டு தடவ சொன்னாருங்க. இவுருதான் வேண்டாம்னுட்டாரு. ஏரிக்கரையில நீங்க பேசுனப்ப இவுரும் உக்காந்து கேட்டாருங்க. ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல. 'நம்ம புள்ள போட்ட உத்தரவு. நாமளே தாங்க முடியலைன்னு போயி நின்னா, கோர்ட்டு ஊருக்காரங்க அந்தப் புள்ள முன்னால சிரிப்பாங்க'ன்னாரு. ஊருல பெரியவங்களும் அதையேதாஞ் சொன்னாங்க."

"மனு வேற, வந்து கேக்கறது வேற..." என்று கண்ணாயி ஆரம்பித்தாள். கோர்ட்டில் எழுதிக் கேட்பது உங்கள் உரிமை, அதைத் தாராளமாகக் கேளுங்கள் என்று அன்றைக்கு மைக்கில் இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பானுமதி முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அம்மணி, ஒண்ணே ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு."

"வாரண்டு கொண்டாந்த போலீசுக்காரரு சொன்னாருங்க, மூணு நாளு கையெழுத்துப் போட வரலைன்னு கோர்ட்டுல எழுதியிருக்குதுன்னு. அதுதாங்க மனசு கேக்க மாட்டேங்குது. அவுரு வராம இருக்கலீங்க. மழைக்குள்ள அஞ்சு மணிக்கே ஊட்டவிட்டுப் பொறப்பட்டாரு. வந்துட்டேதான் இருந்தாருங்க. அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சுப்போட முடியுங்களா?"

முடிந்த வழக்கின் கட்டில் ஒரு புள்ளியைக்கூட யாரும் அடிக்க முடியாது. எழுதியவளாலும் முடியாது. பதினெட்டு வருஷம் சட்டத்தோடு குப்பைகொட்டியவள் மூளையைக் கசக்கி ஒரு வழி தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"முடியாது பானுமதி."

"சரிங்க அம்மணி. கேட்டிருக்கக் கூடாதுங்க. நீங்க அன்னிக்கே சொன்னதுதான்."

கண்ணாயி அப்படியே வாசல் மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். பானுமதி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். அதற்கப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.