படத்தின் பின்பக்கம்

பாயான் பாரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் சிப்பம் கட்டி ஓய்வு பெற்ற பஷீருக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு படம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பதினாறு பேர் அதில் வரிசையாக நிற்பார்கள். மூன்றாவது ஆள் அவரைப் பெற்ற அத்தா அப்துல் அஜீஸ். பின்பக்கம் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார்கள். எழுதத் தெரியாத அத்தா மட்டும் கைநாட்டு வைக்க, பக்கத்தில் யாரோ பெயரைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

ஜார்ஜ் டவுனில் ஆவணக் காப்பகம் திறக்கிறோம், எல்லாச் சமூகத்துச் சரித்திரமும் அங்கே பத்திரமாக இருக்கும் என்று படத்தைக் கேட்டு வந்தவர் ஷேக் அலாவுதீன். கூடப் படித்தவர். அவருடைய தாத்தாவும் அந்தப் பதினாறில் ஒருவர்தான். சாயாக் கடையில் வைத்துப் பஷீர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.

"குடு பஷீரு, வீட்ல இருந்தா கரையான் தின்னுடும்லா" என்றார் அலாவுதீன்.

கூட்டாளியிடம் போய் யாராவது நகல் கேட்பார்களா? படத்தைக் கொடுத்து, நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார் மனுஷன்.

திறப்பு விழாவில், பெரிதாக்கி மாட்டிய படத்தில் அத்தா சுவர் உயரத்துக்கு நின்றார். பஷீருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் கீழே இருந்ததை வாசித்தார். சரக்குக் குத்தகை முதலாளி என்று அலாவுதீனின் தாத்தா பெயர். மற்ற பதினைந்து பேருக்கும் சேர்த்து ஒரே வரி: அவரிடம் வேலை செய்த கூலிகள், பெயர் தெரியவில்லை.

காப்பகத்தில் வேலை செய்யும் ஷர்மினியிடம் படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் பாவம், விழித்தாள். அலாவுதீன் அதை அட்டையில் ஒட்டித்தான் கொண்டுவந்தாராம். பின்னால் ஒன்றுமில்லை என்று எழுதியும் கொடுத்தாராம். இனிப் பிரித்தால் கிழிந்துவிடுமாம்.

விருந்தாளிகளோடு சிரித்துக்கொண்டிருந்த அலாவுதீனிடம் நேரே போய்க் கேட்டார். அவர் பஷீரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"உங்க அத்தா மொகந்தான் இருக்குல்ல. பேரு என்னாத்துக்கு, பஷீரு?"

கந்தூரிக்குக் கந்தூரி ஒரே சஹன் தட்டில் தன்னோடு சேர்ந்து சோறு அள்ளிய கை அது. பஷீர் அதைத் தட்டிவிட்டார்.

வாசலில் வருகையாளர் ஏடு கிடந்தது. முதலில் அத்தா பெயரை எழுதினார். பிறகு கமாலுதீன், அய்யாக்கண்ணு என்று போய், அலாவுதீனின் தாத்தாவையும் அதே வரிசையில் எழுதினார். ஒன்பதாவது பெயரோடு கை நின்றது. படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறதே என்று அவர் மனப்பாடம் செய்து வைக்கவே இல்லை. மீதி ஏழு பேரையும் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.