நாயகியக்காவின் பீங்கான்

வுல்ஃப்லிங்கன் முடிவிடத்தில் கடைசிப் பயணியும் இறங்கி, கதவு மூடி, பஸ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியதும் நாயகியக்கா முதலில் தொடுவது தேநீர்ப் போத்தலை அல்ல. கைப்பையிலிருந்து மூன்று பழைய கைபேசிகளை எடுத்து முன்கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைப்பார். ஒன்றில் ஒரு பூனை அலுமாரியிலிருந்து விழும். அடுத்ததில் யாரோ நூடில்ஸ் கிளறுவார். மூன்றாவதில் ஒருவர் தன் காருக்கு மெழுகு பூசுவார். மூன்றின் மூலையிலும் ஒரு தங்க நாணயம் சுற்றிக்கொண்டிருக்கும். அது சுற்றத் தொடங்கிய பிறகுதான் போத்தலின் மூடி திறபடும்.

"பூனை விழுது, எனக்குக் காசு விழுதாம். பாப்பம்," என்பார். அந்தப் 'பாப்பம்' இல்லாமல் அவருடைய பேச்சு முடிந்ததை யாரும் கேட்டதில்லை.

முழுப்பெயர் தில்லைநாயகி. ஐம்பதுக்குக் கிட்டிய வயது. பதின்ம வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா குடும்பத்தோடு வந்தவர். வின்டர்தூர் நகரில், மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் ட்ரொலிபஸ் ஓட்டுகிறார். நடுவில் மடிப்பு வைத்த நீளமான பஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவருக்கு முகம் மாறிவிடும். தமிழ்க்கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவதும் சீருடையில்தான். "உடுப்பு மாத்த நேரமில்லையோ அக்கா?" என்று கடைக்காரர் கேட்டால், "நேரமிருக்கு, மனமில்லை," என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையில் பழுத்த இலை இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார்.

பிரித்துப் பார்ப்பது அவருக்குப் பிறவிக் குணம். காலையில் பஸ்ஸை எடுக்குமுன் எல்லாச் சாரதிகளும் ஒருமுறை சுற்றி வருவார்கள். நாயகியக்கா சுற்றும்போது மற்றவர்கள் ஒரு கோப்பி குடித்து முடித்துவிடுவார்கள். சப்பாத்து நுனியால் சில்லுகளைத் தட்டுவார். கதவு பூட்டியிருப்பதாகப் பலகையில் பச்சை எரிந்தாலும் எழுந்து போய்த் தள்ளிப் பார்ப்பார். "பச்சை எரியிறது லைட்டு. கதவைக் கதவிலதானே பாக்கவேணும்?" என்பது அவருடைய கேள்வி. பிறர் வீட்டுக் கதிரையில் உட்காருமுன்னும் அதை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். பழகியவர்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. புதியவர்கள் கொஞ்சம் புண்படுவார்கள்.

இப்படிப்பட்டவரின் காதில்தான், காணொளி பார்த்தால் கிரிப்டோ நாணயம் தரும் செயலிகளின் கதை விழுந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோரின் வாட்சப் குழுவில் தினம் ஒரு செயலி முளைத்துக்கொண்டிருந்த காலம். படுத்திருந்து படம் பாருங்கள், பணம் கொட்டும் என்று ஒவ்வொன்றும் சத்தியம் செய்தது. உண்மையா பொய்யா என்று குழுவே இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. ஒருவராவது காசை எடுத்துப் பார்த்தாரா என்றால், இல்லை. நாயகியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சும்மா நிண்டு கத்தாதேங்கோ. நான் ஓட்டிப் பாத்திட்டுச் சொல்லுறன்," என்று எழுதினார். அன்று தொடங்கியது இன்னும் முடியவில்லை.

அவர் ஓட்டிப் பார்க்கும் விதமே தனி. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பழைய கைபேசி. அதில் குடும்பப் படமும் இருக்காது, தெரிந்தவர்களின் இலக்கமும் இருக்காது. சொந்தக் காசு ஒரு சதமும் உள்ளே போகாது. யாருடைய லிங்கையும் தொட்டுச் சேரமாட்டார், தன் லிங்கையும் யாருக்கும் கொடுக்கமாட்டார். கணவர் தவராஜா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். "வீட்டில இத்தினை போன் கிடக்குது, அடிச்சால் ஒண்டும் எனக்கில்லை," என்பது அவருடைய மனக்குறை.

தீர்ப்பு சொல்லும் விதம் அதைவிடத் தனி. செயலியில் சேர்ந்த நாணயத்தைப் பிராங்காக மாற்றி, வங்கிக்கு இறக்கி, அந்தக் காசில் தரிப்பிடத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் ஒரு கிப்பெலி வாங்குவார். இந்த நாட்டில் காலைக் கோப்பியோடு எல்லாரும் கடிக்கும் அந்தப் பிறைவடிவப் பணிஸ்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, நீலக் கரை போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுவார். ஒரு சொல்லும் எழுதமாட்டார். காசு வராத செயலிக்கும் படம் உண்டு, வெறும் பீங்கான் மட்டும். சனத்துக்கு அது போதும். "அக்கான்ர பீங்கான் வந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது வின்டர்தூரில் பலர் எதிலும் கைவைக்கிறார்கள்.

வெறும் பீங்கான்கள்தான் அதிகம். ஆனாலும் எல்லாமே ஏமாற்று என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை ஒரு செயலி சொன்னபடியே காசு தந்தது. மாதக்கணக்காகப் பூனை விழுந்ததற்கு வந்த கூலி ஒரு கிப்பெலியின் பாதி விலைக்குத்தான் கண்டது. மிச்சத்தைத் தன் பையிலிருந்து போட அவருக்கு மனம் வரவில்லை. பேக்கரிப் பெண்ணிடம் விஷயத்தை விளக்கி, கத்தியால் நடுவில் வெட்டச் சொல்லி, பாதிக்குக் காசு கொடுத்தார். மறு பாதியை அந்தப் பெண்ணே சிரித்துச் சிரித்துத் தின்றாள். அந்த அரைக் கிப்பெலிப் படம் தூரத்துச் சோலோதுர்ன் நகரம் வரை போனது. "பொய்யும் இல்லை, முழுசும் இல்லை. உள்ளதை உள்ளபடி வைச்சனான்," என்று நாயகியக்கா அதைச் சொல்லும்போது தோள் சற்று நிமிரும். அந்த நிமிர்வு அவருக்குத் தகும்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. செயலி எப்படிப்பட்டது என்று கேட்கமாட்டார்கள், லிங்க் யாருடையது என்றுதான் கேட்பார்கள். மாமாவின் லிங்க் வந்தால் தொடவேண்டும். தொடாமல் விட்டால், கலியாணத்துக்கு வீடு தேடி வந்து சொல்லியும் போகாமல் நின்ற கதைதான். அதனால் படம் பார்க்கப் பொறுமையில்லாதவர்களும் வெறும் மரியாதைக்காகச் சேர்ந்துவிடுவார்கள். சேர்த்துவிட்டவர் செயலியில் ஒரு படி உயர்ந்துவிடுவார்.

'மஞ்சள் மீன்' அப்படித்தான் வந்தது. மஞ்சள் மீன் படம் போட்ட செயலி என்பதால் அந்தப் பெயர். ஆள் சேர்க்கச் சேர்க்க நெத்தலியாக இருந்தவர் சுறா ஆவார், சுறா திமிங்கிலம் ஆவார். அதைக் கொண்டுவந்தவர் ஷ்லீரன் என்ற ஊரில் இருக்கும் இராஜசிங்கம், நாயகியக்காவின் அக்கா கணவர். தொழிற்சாலையில் உழைத்து இப்போதுதான் ஓய்வெடுத்தவர். "அத்தான் இப்ப சுறாவாம்," என்று நாயகியக்கா முதலில் பகிடி பண்ணினார். அத்தானுக்கும் சிரிப்புத்தான். "நீயும் ஒருக்கா ஓட்டிப் பாத்துச் சொல்லு," என்று கேட்டவரும் அவர்தான்.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாயகி முதன்முதல் பயணிகளை ஏற்றி ஓட்டிய நாளில் அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலை தொடங்கி மாலை வரை அந்தப் பஸ்ஸின் பின்சீற்றில் இருந்தார். மடியில் சாப்பாட்டுப் பொதி. ஏறுகிறவர்களிடம், தெரிந்த ஜெர்மனில், "ஓட்டுறது என்ர மச்சாள்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் நாயகி அன்று முழுவதும் ஓட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை வுல்ஃப்லிங்கனில் நாயகியக்கா மஞ்சள் மீனில் 'எடு' என்ற பொத்தானை அமத்தினார். மீன் துள்ளி ஆடியது. பிறகு ஓர் அறிவித்தல் வந்தது: நாணயம் சேர்ந்திருக்கும் பெட்டியைத் திறக்க முதலில் நீங்கள் ஒரு தொகை கட்டவேண்டும், திங்கள் மாலைக்குள் கட்டாவிட்டால் சேர்ந்ததெல்லாம் போய்விடும். அவர் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தார். இறங்கி, ஏற்கெனவே சுற்றிய பஸ்ஸை இன்னொருமுறை சுற்றினார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் பிறகு அத்தான் மண்டபம் எடுத்து, தன் லிங்கில் சேர்ந்த சனத்தையெல்லாம் கூப்பிட்டிருந்தார். காசு கட்டுவதா என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் கிடைத்திருந்தது: நாயகியின் பீங்கான் வரட்டும்.

சனி பின்னேரம் அத்தான் ரயிலேறி வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. தவராஜா வேலைக்குப் போயிருந்தார். நாயகி குசினிக்குள் போய்த் தேநீரோடு திரும்பியபோது மேசை துடைத்து வெறுமையாக இருந்தது. நடுவில் அந்த வெள்ளைப் பீங்கான். அதன் மேல் கரட் கேக், தலையில் மார்சிபான் என்ற பாதாம் இனிப்பில் செய்த குட்டிக் கரட்டோடு. யன்னல் திரையையும் அத்தான் ஒதுக்கிவிட்டிருந்தார். எந்த வெளிச்சத்தில் படம் எடுபடும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு படம் எடுத்துப் போடு நாயகி. வேற ஒண்டும் வேண்டாம்."

"இது ஆர்ர காசு அத்தான்?"

"என்ர காசுதான். அந்தக் காசும் வரத்தானே போகுது. கொஞ்சம் முந்தி வாங்கிப்போட்டன் எண்டு நினையன்."

"நான் நேற்று எடுத்துப் பாத்தனான். முதல்ல என்னைக் கட்டட்டாம், பேந்துதான் பெட்டி திறக்குமாம். சம்பளம் தாறவன் என்னட்டக் காசு கேப்பானோ?"

"அது பூட்டி வைக்கிற காசு. திரும்பி வரும்."

"உங்களுக்குத் திரும்பி வந்ததோ?"

அத்தான் கேக்கைப் பார்த்தார். "நான் இன்னும் கட்டேல்லை. திங்கள் கட்டுவம் எண்டிருக்கிறன். பென்ஷன் காசில கொஞ்சம் ஒதுக்கி வைச்சிருக்கு."

அப்படியென்றால் அத்தானின் காசு இன்னும் போகவில்லை. நாயகி தேநீரை மேசையில் வைத்தார்.

"நாளைக்கு அவ்வளவு சனமும் என்ர முகத்தைத்தான் பாக்கும்," என்றார் அத்தான். குரல் தணிந்துவிட்டது. "இது எந்தக் காசில வாங்கினதெண்டு ஆர் கண்டது?"

"நான் கண்டனான்."

அத்தானின் முகம் சிவந்தது. "நீ முதல் முதல் சனத்தை ஏத்தின அண்டைக்குப் பின்சீற்றில ஆர் இருந்தது?"

அவர் அதைக் கேட்டிருக்கக்கூடாது. கேட்டபிறகு அவருக்கே அது தெரிந்தது. நாயகி கதிரையை இழுத்து, ஆட்டிப் பார்க்காமல், அவருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நீங்கள்தான் அத்தான். அண்டைக்கு ஒரு தரிப்பிலையும் கதவு பூட்டாமல் நான் பஸ்ஸை எடுக்கேல்லை. இண்டைக்கும் பின்சீற்றில நீங்கள்தான் இருக்கிறியள். கதவு பூட்டாமல் எப்பிடி எடுப்பன்?"

வெளியே பஸ் ஒன்று போனது. கம்பிகள் விர்ரென்று பாடி ஓய்ந்தன. 

"நாளைக்கு நானும் வாறன்," என்றார் நாயகி. "யூனிபோர்மோட வாறன். உங்களுக்குப் பக்கத்தில நிண்டு சொல்லுறன், இதை ஓட்டிப் பாக்கச் சொல்லி முதல்ல என்னட்டக் கேட்டது அத்தான்தான் எண்டு. அது பொய்யில்லைத்தானே?"

பொய்யில்லை என்று அத்தான் தலையாட்டினார்.

நாயகி கத்தி எடுத்து வந்து கேக்கை வெட்டி, மார்சிபான் கரட் இருந்த துண்டைச் சிறு தட்டில் வைத்து அவரிடம் நீட்டினார். மிச்சத்தைப் பெட்டிக்குள் வைத்தார். "நல்ல கேக்," என்றார் அத்தான், பாதி தின்ற பிறகு. "ஓம், நல்ல கேக்," என்றார் நாயகி. பிறகு எழுந்து பீங்கானைக் கழுவி, துடைத்து, கரையில் ஒட்டியிருந்த கிறீமை நகத்தால் சுரண்டி, இன்னொருமுறை துடைத்து, மேசையின் நடுவில் வைத்தார்.

கைபேசியைத் தூக்கியபோது பீங்கானின் பாதிமேல் அத்தானின் நிழல் விழுந்து கிடந்தது. நாயகி, முதியவர் ஒருவர் இறங்கி முடியும்வரை கதவைத் திறந்து வைத்திருப்பதுபோல, கைபேசியை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். சற்றுப் பொறுத்து அத்தான் கதிரையைப் பின்னால் தள்ளினார். பீங்கான் முழுவதும் வெள்ளையானது. நாயகி படத்தை எடுத்தார்.