பன்னிரண்டுக்குப் பின் இரண்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, போனில் நடக்கும் ஒரு குழுக் கூட்டத்தில் நான் பேச வேண்டும். காலையிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

என்ன பேச்சு என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். ஒரு வெளிநாட்டு அறிவியல் புனைவுத் தொடர். விண்கப்பலில் சிலர் ஒவ்வொரு கோளாகப் போவார்கள். முதலில் வந்த பழைய தொடரில் கப்பலை இரும்புப் பிடிகளையும் குமிழ்களையும் வைத்து ஓட்டினார்கள். பல வருடம் கழித்து, அதற்கும் முந்தைய காலத்துக் கதை என்று ஒரு புதிய தொடர் எடுத்தார்கள். அதில் எல்லாமே தொடுதிரை. முன்னோர் கப்பலில் தொடுதிரை, பின்னால் வந்தவர்கள் கப்பலில் இரும்புப் பிடியா? இந்த ஒரு கேள்வியை வைத்து இணையத்தில் எங்கள் தமிழ் ரசிகர் குழு மாதக்கணக்காக அடித்துக்கொண்டது.

விடை சொன்னவள் நான். தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிணற்று மோட்டாருக்கு, செல்போனிலேயே போடவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதன் கையேட்டைப் படித்து இணைப்புக் கொடுத்ததும் நானே. வோல்டேஜ் ஏறி இறங்கியதில் அது கருகிவிட்டது. மறுநாளே அப்பா பழைய இரும்புப் பெட்டியை எடுத்து மாட்டினார். பச்சைப் பொத்தானில் ஓடும், சிவப்பில் நிற்கும். இன்றுவரை அதுதான். இதைக் குழுவில் எழுதினேன். புதியது கருகினால் பழையது திரும்பி வரும், கப்பலிலும் அதுதான் நடந்தது என்றேன். ஆதாரமும் கொடுத்தேன். புதிய தொடரில், கப்பலின் மருத்துவர் இறந்துபோகும் தாக்குதலில் திரைகள் எல்லாம் எரிகின்றன. அடுத்த பகுதியிலேயே கேப்டன் இரும்புப் பிடியை இழுத்துக் கப்பலைக் கிளப்புகிறார்.

குழுவை நடத்தும் மதுரை அக்கா, "இதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்று எழுதி, என் விளக்கத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி உச்சியில் நிறுத்திவைத்தார். கீழே என் பெயர். அதைத் தினமும் இரண்டு முறையாவது திறந்து பார்ப்பேன். பழைய தொடரின் பக்தர்கள் புதியதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, அதனால் யாரும் மறுக்கவில்லை. கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் விடவில்லை. அவரும் புதியதை முதல் பகுதியோடு விட்டவர்தான்.

"அம்மணி, ஸ்டார்ட்டர் கதை நல்லாத்தானுங்க இருக்குது. கப்பலுக்கு மூணு பேஸ் கரண்டு எந்த ஊர்ல இருந்து வருதுங்க?" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார். பிறகு, "எத்தனாவது எபிசோடு, எத்தனாவது நிமிஷம்னு ஞாயித்துக்கிழமை சொல்லுங்க. நானும் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த எண்ணுக்காகத்தான் காலையில் மெமரி கார்டைத் திறந்தேன். சந்தைக்குப் போன ஒரு நாள், செல்போன் கடையில் மொத்தத் தொடரையும் ஏற்றி வாங்கிய கார்டு. கோப்புகளின் பெயர் நீளம். எண் கடைசியில் இருந்ததால் போன் திரையில் தெரியாது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். இந்த ஞாயிறு காலையில்தான் முதன்முறையாகப் பெயரை முழுதாகப் பார்த்தேன். ஒன்று. அடுத்தது பத்து. பிறகு பதினொன்று, பன்னிரண்டு. அதற்கப்புறம் இரண்டு. போன் அப்படித்தான் அடுக்கியிருந்தது. நானும் அப்படியே பார்த்து முடித்திருந்தேன்.

செத்துப்போன மருத்துவர் அடுத்த பகுதியில் சிரித்துக்கொண்டு வந்தபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. காலத்தில் முன்னும் பின்னும் போகிற கதை அது. யாரோ பின்னால் போய் அவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பகுதியை மறுபடி ஓட்டினேன். கப்பல் புத்தம் புதிது. திரைகளை இன்னும் மாட்டவில்லை. அதனால்தான் கேப்டன் பிடியை இழுக்கிறார். பின்னால் ஆட்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எரிந்த திரைகளை வெளியே எடுத்துப் போகிறார்கள் என்று நான் நினைத்த அதே பெட்டிகள். அவர்கள் உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். சிக்னல் போய்விட்டது என்று சொல்லலாம். பன்னிரண்டாம் பகுதி, முப்பதாம் நிமிடம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம்.

"என்ன புள்ள, காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது? எதனா பரீட்சையா?" என்றாள் அம்மா.

"பேசணும்மா. ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்."

"நீ சொல்றது எப்பிடித் தப்பாவும்?"

அம்மா கேலி செய்யவில்லை. ரேஷன் விண்ணப்பமோ, மாத்திரைச் சீட்டோ, விதைப் பொட்டலத்தின் பின்பக்கமோ, நான் படித்துச் சொன்னால் எங்கள் வீட்டில் அதுதான் முடிவு. அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிச் சரிபார்க்க யாரும் இல்லை. எத்தனாவது நிமிடம் என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. கோவைக்காரர் மேல் இரண்டு நாளாக இருந்த எரிச்சல் எதனால் என்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. புரிந்தும் கால் நிற்கவில்லை.

மூன்றரைக்குக் கரண்டு வந்தது. "போயி மோட்டாரப் போட்டுட்டு வா. தக்காளி வாடுது" என்றார் அப்பா. போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். நான்கு மணி வரை கிணற்று மேட்டிலேயே நின்றேன்.

"எங்க நம்ம தர்மபுரி? லைன்ல இருக்கியாம்மா?" என்றார் அக்கா.

"இருக்கேங்க்கா."

"பின்னால என்னங்க அம்மணி சத்தம்? கப்பல் கெளம்பிருச்சுங்களா?" இது கோவைக்காரர்.

பத்துப் பேர் சிரித்தார்கள். அணைத்துவிடலாமென்று போனைக் காதிலிருந்து எடுத்தேன். எங்கள் பக்கத்தில் சிக்னல் முழுதாகக் கிடைக்கிற இடம் அந்த மேடு ஒன்றுதான். சிக்னல் போய்விட்டது என்று எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

"நான் சொன்னது தப்புங்க" என்றேன். "அந்த விளக்கத்த எடுத்துடுங்க." கார்டு, அடுக்கு, பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்ப டாக்டர் பொழச்சு வந்துட்டாருன்னே நெனச்சீங்களா?" என்றார் கோவைக்காரர்.

"ஆமாங்க."

"எத்தன எபிசோடு வரைக்கும்?"

"ரெண்டுல இருந்து ஒம்போது வரைக்கும்."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு அவரே, "திரை எரிஞ்சது நெசந்தானுங்களே. அப்புறம் பழைய பிடிய மாட்டியிருக்கலாமில்லீங்க? என்ர ஒர்க்‌ஷாப்பா இருந்தா நான் அதத்தான் செய்வேன்" என்றார்.

"இருக்கலாங்க. ஆனா காட்டல. காட்டாதத ஆதாரம்னு நான் எழுத மாட்டேன்."

"அப்ப உன் பேர எடுத்துடவா?" என்று அக்கா கேட்டார்.

"விளக்கத்த மட்டும் எடுங்க்கா. தப்புன்னு நானே கண்டுபிடிச்சேன்னு போட்டு, கீழ பேரு இருக்கட்டும்."

"இந்தப் புள்ளைக்குக் கொழுப்பப் பாரேன்" என்றார் அக்கா. ஆனால் அப்படியே போட்டார்.

கோப்புகளுக்கு 01, 02 என்று எண்ணை மாற்றிவிட்டு, அந்த வாரம் முழுவதும் தொடரை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தேன். ஏழாம் பகுதியில் மருத்துவர் ஒரு சிறுமியின் காயக்கட்டைப் பிரித்துவிட்டு, அடுத்த வருடமும் வருவேன் என்கிறார். போன தடவை அதைச் சிரித்துக்கொண்டே பார்த்தேன். சாவைத் தாண்டி வந்தவர் அல்லவா, சொன்னால் செய்வார் என்று. இப்போது அவர் எங்கிருந்தும் திரும்பி வந்தவர் இல்லை; பன்னிரண்டில் சாகப்போகிறவர்.

ஒன்பது முடிந்ததும் பத்து தானாக ஓடத் தொடங்கியது. அவசரமாக நிறுத்தினேன். இன்னும் அது அங்கேயே நிற்கிறது.