ஒரு கால் குட்டையான முக்கோணம்

தரை போடும் கொத்தனார் அவர். பட்டப்பெயர் 'சமம்'. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் தரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அவருடைய மீசை மட்டும் இடப்பக்கம் ஏறியிருக்கும். அதை யாரும் சொன்னதில்லை; சொன்னால் முகத்தையே இடித்துக் கட்டிவிடுவாரோ என்ற பயம்.

அவருடைய மொத்த அறிவும் ஒரு மரச்சட்டத்தில் இருந்தது. ஒரே நீளத்தில் இரண்டு கால், உச்சியில் ஆணி, இடையில் ஒரு குறுக்குக்கட்டை. உச்சியிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டின் நூல் கட்டையின் நடுக்கோட்டில் விழுந்தால் தரை மட்டம். பள்ளிக்கூடத்தில் இதை இருசமபக்க முக்கோணம் என்பார்கள். இரண்டு பக்கமும் சமமென்றால் அடிக்கோணங்களும் சமம், உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கும் கோடு அடியைச் சரிபாதியாக வெட்டும் என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடுவோம். அவருக்குப் பெயர் தெரியாது. அதை வைத்துப் பிழைக்கத் தெரியும்.

அதை நம்பித்தான் மாமனாரையே பகைத்துக்கொண்டார். இரண்டு மாதம் முன்பு அவர் வீட்டுக் கூடத்தில் சட்டத்தை வைக்க, நூல் தள்ளி விழுந்தது. வீடு சாய்ந்திருக்கிறது என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார். சாய்ந்த வீட்டுக்கு இனி வரவேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனைவி மட்டும் தனியாக அப்பா வீட்டுக்குப் போய்வந்தாள்.

அதன்பிறகு கிடைத்த முதல் வேலையாக, போன வாரம் ஒரு மருத்துவமனை நடைபாதைக்குத் தரை போட்டார். கலவை போட்ட சித்தாள் அவர் மனைவியேதான். தரை காய்ந்த மறுநாள், காலில் கட்டுப் போட்ட ஒருவரைத் தள்ளுவண்டியில் கிடத்திவிட்டு ஊழியர் தேநீர் குடிக்கப் போனார். வண்டி தன்பாட்டுக்குக் கிளம்பி, டாக்டரம்மாவின் கதவை முட்டித் திறந்து உள்ளே போய்விட்டது.

டாக்டரம்மா கொத்தனாரை வரவழைத்தார்.

"உங்க தரை எனக்கு நோயாளிங்கள டோர் டெலிவரி பண்ணுது. இன்னிக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லன்னா மாடி வேலைக்கு வேற ஆள் பாத்துக்குறேன்."

மாடி வேலை நான்கு மாதச் சோறு. இருந்தும் அவர் அசரவில்லை. சக்கரத்தில்தான் கோளாறு என்றார். சட்டத்தைக் கொண்டுவந்து, ஆணித்தலை தன்னைப் பார்க்கும்படி, இருபது வருடமாக வைக்கிற மாதிரியே வைத்தார். நூல் நடுக்கோட்டில் கச்சிதமாக விழுந்தது. டாக்டரம்மா வண்டியைத் தொட்டார். அது மறுபடியும் கிளம்பியது.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சட்டத்தோட கால மாத்தி வைங்க."

"எதுக்கு?"

"ரெண்டு காலும் ஒண்ணுன்னா, எப்படி வச்சாலும் ஒண்ணுதானே."

திருப்பி வைத்தார். நூல் நடுக்கோட்டை விட்டு நன்றாகத் தள்ளி விழுந்தது. ஒரு நிமிடம் தன் சொந்தக் குழந்தை தன்னைப் பார்த்து நாக்கைத் துருத்தியது போல நின்றார். பிறகு குனிந்து கால்களைத் தடவினார். ஒன்றின் முனை புதிதாக அறுபட்டிருந்தது.

"வீட்டுல கதவுக்குப் பின்னால இந்தச் சட்டம் நிக்க எடம் பத்தல," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஒரு கால்ல ரெண்டு விரல் அளவுதான் அறுத்தேன். நீங்க எங்கப்பா வீட்டுத் தரையில வச்சுப் பாத்ததுக்கு முந்தின வாரம். ரெண்டு விரல்ல என்ன வந்துடப்போகுதுன்னு நெனச்சேன்."

கதவு, வண்டி, மாமனார் எல்லாம் அவர் தலைக்குள் வரிசையாக உருண்டன. டாக்டரம்மா காத்திருந்தார். மனைவியைக் கைகாட்டினால் போதும், பெயரும் மாடியும் மிஞ்சும்.

"தப்பு என்னோடதும்மா. வேலை தொடங்கு முன்னாடி ஒருதரம் திருப்பி வச்சுப் பாத்திருக்கணும். உடைச்சுப் புதுசாப் போட்டுத் தர்றேன்."

முதலில் கீழே வண்டி நிற்கட்டும், மாடியைப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. மாடி வேலைக்கான கதவை அவர் அடைக்கவில்லை என்பதே கொத்தனாருக்குப் போதுமாக இருந்தது.

சட்டத்தின் இன்னொரு காலிலும் இரண்டு விரல் அளவு அறுத்தார். எப்படித் திருப்பினாலும் நூல் நடுவில் நின்றது. அன்று மாலையே சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியோடு மாமனார் வீட்டு வாசலில் நின்றார். கூடத்தில் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தார்.

"மாமா, உங்க வீடு நேராத்தான் இருக்கு."

"அது எனக்குத் தெரியும் மாப்ள. உங்களத் திருப்பி வச்சுப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுப்பா," என்றாள் மகள்.

கொத்தனார் தரையைப் பார்க்காமல் உட்கார்ந்தார். மீசையைப் பற்றி அன்றும் யாரும் வாயைத் திறக்கவில்லை.