பச்சை எழுத்தில் வந்த விமானம்

ஈவ்லின் விமானத்தில் ஏறியதே கிடையாது. ஆனால் எந்த விமானம் எப்போது கிளம்பியது, எங்கே இறங்கியது என்று தேடிப் பார்க்கும் ஒரு மென்பொருளுக்குக் கையேடு எழுதியது அவள்தான். சிரிக்க வேண்டாம். வயிற்றுப்பாடு மனிதரை எங்கெங்கோ கொண்டுபோய் உட்கார வைக்கும்.

தேயிலை விலை தலைகுப்புற விழுந்த வருடங்கள் அவை. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. கொலக்கம்பைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஈவ்லின் ஆபீஸ் டைப்பிஸ்ட். அவள் கணவர் தனசிங் அதே எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கர். இலையை வாட வைப்பதிலிருந்து தூளை மூட்டை கட்டுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஒரே நோட்டீசில் இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. குன்னூரில் மனோகரன் என்பவர் நடத்திய சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் ஈவ்லினைச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் பிழையில்லாமல் எழுதுவாள், அவருக்கு அது போதும். தனசிங்கைச் சேர்த்துக்கொள்ளத்தான் மலையில் ஒரு ஃபேக்டரியும் இல்லை.

ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கும் விமான விவரங்களில் வேண்டியதைக் கண்டுபிடிக்க எதை அமுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் தேதியைப் போட வேண்டும் என்று படிப்படியாக எழுதுவதுதான் அவள் வேலை. எழுதிய பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுவருவாள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த தனசிங் அவற்றைச் சத்தமாக வாசிப்பார். கம்ப்யூட்டரைக் கண்ணால் கூடப் பார்க்காதவர், சாப்பாட்டு மேசையை விரலால் அமுக்கிவிட்டு நிமிர்வார்.

"அமுக்கிட்டேன் அம்முணி. இப்ப எனக்கு என்ன தெரியும்?"

"லிஸ்ட் வருமுங்க."

"அத நீ எழுதலையே. எழுதாட்டி நான் வெறிச்சுப் பார்த்துட்டுல்ல உக்காந்திருப்பேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்குக் கீழேயும் 'இப்போது உங்களுக்குத் தெரிவது' என்று ஒரு வரி சேர்த்தாள். மனோகரனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யோசனை தன் கணவருடையது என்று ஈவ்லின் சொன்னாள். மனோகரன் மெச்சியதை வீட்டில் வந்து சொன்னாள். மறுநாள் காலை தனசிங் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தார். அந்தச் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று வேலை போனவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மேசையை அமுக்கிக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை நாள் இருப்பார்? கென்யாவில் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு டீமேக்கர் வேண்டும் என்று ஆள் மூலம் தகவல் வந்தது. போனார். ஈவ்லின் தடுக்கவில்லை. அவர் முகத்தில் பழைய களை திரும்பியிருந்ததைப் பார்த்த பிறகு எந்த வாயால் தடுப்பாள்?

இரண்டு வருடம் கழித்து, கிறிஸ்துமசுக்கு லீவ் கிடைத்தது. அந்தச் சமயம் கையேட்டின் கடைசிப் பாடத்துக்கு ஓர் உதாரண விமானம் தேவைப்பட்டது. எதை வேண்டுமானாலும் போடலாம். ஈவ்லின் அவர் வரவேண்டிய விமானத்தையே போட்டாள். நைரோபியிலிருந்து மும்பைக்கு அது. மும்பையில் வேறு விமானம் மாறி சாயந்தரம் கோயம்புத்தூர் வந்துவிடுவார்.

அன்று காலை ஆபீசுக்கு வந்ததும் அவள் எழுதிய படிகளை அவளே ஒவ்வொன்றாகச் செய்தாள். தேதியைப் போட்டாள், ஊரைப் போட்டாள், அமுக்கினாள். நைரோபி விமானத்துக்கு நேரே 'தரையிறங்கியது' என்று பச்சை எழுத்தில் வந்தது. திரையை அப்படியே படம் பிடித்துக் கையேட்டில் ஒட்டிவிட்டு, அவருடைய ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். வெயில் நாட்டிலிருந்து வருகிற மனிதருக்கு மார்கழி மலைக் குளிர் தாங்காது. வழி நெடுக அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. தன் புருஷன் இந்த நாட்டு மண்ணில்தான் இருக்கிறார் என்று பஸ்ஸில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

கோயம்புத்தூர் விமானம் வந்தது. எல்லாரும் வெளியே வந்தார்கள். பெட்டி வரத் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தாள். பிறகு, முகம் கழுவப் போயிருப்பார் என்று நினைத்தாள். கதவுக்குப் பின்னால் விளக்கைக் குறைத்தபோதும் அவள் நகரவில்லை.

மனோகரன் காரை எடுத்துக்கொண்டு மலையிறங்கி வந்திருந்தார். தனசிங் கென்யாவில் கொடுத்து வைத்திருந்த நம்பர் அவள் ஆபீஸ் நம்பர் ஒன்றுதான்; போன் அங்கேதான் வந்திருந்தது.

"ஈவ்லின்க்கா, அண்ணன் ஃபிளைட்ல ஏறலீங்க. மலேரியாவாமா. நேத்தே ஆஸ்பத்திரியில முடிஞ்சுருச்சுங்க."

"இல்லீங்க சார். ஃபிளைட் எறங்கிருச்சுங்களே. பச்சையில வந்துச்சு. நானே பார்த்தேனுங்க."

ஸ்வெட்டரைப் பிரித்து, மறுபடி மடித்து, மடியில் வைத்துக்கொண்டு அவள் அதையே இன்னொரு முறை சொன்னாள். வண்டியில் ஏறி, மலைப்பாதையில் பர்லியார் தாண்டிக் குளிர் உறைத்தபோதுதான் வாய்விட்டு அழுதாள். அவர் செத்துக் கிடந்தது தெரியாமல் பகல் முழுவதும் சந்தோஷமாக இருந்துவிட்டோமே என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அடுத்த வாரம் அதே எண் விமானத்தில்தான் அவர் உடலை வைத்த பெட்டி வந்தது. அன்று அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கவில்லை.

புது வருடம் பிறந்த பிறகு வேலைக்கு வந்தாள். அந்த உதாரணத்தை எடுத்துவிட்டு வேறு விமானம் போட்டுக்கொள்ளலாம் என்று மனோகரன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வேண்டாமுங்க சார். அது இருக்கட்டும். ஒரு வரிதான் எழுதாம விட்டுட்டேன்."

பச்சை எழுத்துப் படத்துக்குக் கீழே எழுதினாள்: 'இப்போது உங்களுக்குத் தெரிவது: விமானம் தரையிறங்கிவிட்டது. அதில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது இங்கே தெரியாது.'

அன்றைக்குப் பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேசையில் வைத்து, முதல் படியிலிருந்து அவளே சத்தமாக வாசித்தாள். ஒவ்வொரு படி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். கேள்வி கேட்க ஆளில்லை.