மகள் வாயில் வந்த ஜெபம்

என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. ஆட்டிசம். சொந்தமாகப் பேச்சு வராது. கேட்டதைத் திருப்பிச் சொல்வாள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவும் "வேலூர் வேலூர்" வீடு வந்த பிறகு அதே கரகரப்போடு அவள் வாயிலிருந்து வரும். என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவருடைய அண்ணன் கீழ்பென்னாத்தூரிலிருந்து பேயோட்டி ஜெபிக்கும் ஓர் ஊழியக்காரரை அழைத்து வந்தார். சுவிசேஷத்தில் இயேசு ஊமை ஆவியைத் துரத்துகிறாரே, அதே ஆவிதான் இவளையும் பிடித்திருக்கிறது என்று இருவரும் நம்பினார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை; மறுக்கவும் தெம்பில்லை.

பௌர்ணமி நாள், உச்சி வெயில். செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தினோம். ஊழியக்காரர் அவள் தலையில் கை வைத்து அதட்டினார்: "யாரு நீ? பேரச் சொல்லு!"

யார் தொட்டாலும் அலறுகிறவள் அன்று அசையவில்லை. பிறகு தொண்டையைச் செருமினாள். ஓர் ஆணின் செருமல்.

"ஆண்டவரே, எங்க பொண்ண இப்படியே குடுத்தீங்க, ஸ்தோத்திரம். இவள மாத்தாதீங்க. எங்கள மாத்துங்க."

என் கணவரின் குரல். நடுநடுவே அவர் இழுக்கும் மூச்சு உட்பட. அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஊழியக்காரர் கையை எடுத்துவிட்டார். "அம்மா, இது செத்தவரோட ஆவிங்க."

"இல்லீங்க ஐயா. இது அவர் பண்ண ஜெபம்."

சொன்னபோதுதான் எனக்கே புரிந்தது. அவர் இருந்த நாட்களில், காலையில் நான் பால் வாங்கப் போகும் நேரத்தில் அவரும் இவளும்தான் வீட்டில் இருப்பார்கள். அப்போது அவர் செய்த அந்த ஜெபத்தை நான் கேட்டதே இல்லை. "ஆண்டவரே, இவளைக் குணமாக்குங்க" என்றுதான் நான் தினமும் மன்றாடி வந்தேன்.

"பிசாசு இப்படியா ஸ்தோத்திரம் சொல்லும்?" என்றேன்.

ஊழியக்காரர் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அண்ணன் மட்டும், "தம்பியேதாம்மா அது," என்று அழுதார். அதற்குப் பிறகு அவர் யாரையும் அழைத்து வரவில்லை.

ஜெபம் இன்னும் அவ்வப்போது வருகிறது, பட்டப்பகலில், நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது. காரணம் தெரிந்தும் உடம்பு சிலிர்க்கிறது. சில நாள் புது வரிகளும் இருக்கும். அவர் எப்போதோ சொன்னவைதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

போன வாரம் வந்தது இது: "இவங்கம்மா ஒண்டியா இருக்கா, ஆண்டவரே. பாத்துக்குங்க."

அவர் உயிரோடிருந்தவரை நான் ஒண்டியாக இருந்ததில்லை. கையில் துணியோடு நின்றபடியே ஆமென் சொன்னேன்.