தறிக்குழியில் தண்ணீர்

சென்னியப்பனுக்குச் சந்தேகம் வெற்றிலை மாதிரி. காலையில் எழுந்ததும் வாயில் போட வேண்டும். பள்ளிபாளையத்தில் காவிரியை ஒட்டிய எங்கள் தெருவில் பதினாறு வீடு, எல்லாம் தறிக்காரர்கள். தன் சேலைக்கரையை யாராவது பார்த்து நெய்துவிடுவார்கள் என்று ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டவர் அவர் ஒருவர்தான். மனைவி பாப்பாயி தும்மினால்கூட யாருக்கோ சாடை காட்டுகிறாள் என்பார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அறுபத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நெய்ய உட்கார்ந்து தறிக்குழியில் காலை இறக்கியவர் அலறிவிட்டார். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். தறியில் பாவு நூல் ஏற்றி இரண்டே நாள். ஈரம் ஏறினால் அத்தனை இழையும் பாழ்.

பக்கத்து வீடு அமிர்தசாமியின் சாயப்பட்டறை. சென்னியப்பன் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

“ஏப்பா அமிர்தசாமி, நூல் அலசுன தண்ணிய எங்கூட்டுக்குள்ள உடறயா? என்ற பாவு கெட்டா உனக்கு என்ன கெடைக்குது?”

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க, பட்டறை லீவு. பூசைக்குக் கெளம்பிட்டு இருக்கறனுங்க” என்றார் அமிர்தசாமி. பன்னிரண்டு வருஷமாக இந்த வசவைக் கேட்டுப் பழகிய மனிதர். மனைவி ரோசியோடு மாதா கோயிலுக்குப் போய்விட்டார்.

சென்னியப்பன் குழிச்சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். அரைமணி நேரத்தில் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

“பாத்தயா? கோயிலுக்குப் போறவனாட்டம் போயி, தொட்டியத் தொறந்து உட்டுட்டான்” என்று பாப்பாயியிடம் சொல்லிவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்கச் சுவரேறிக் குதித்தார்.

பட்டறைத் தொட்டிகள் காய்ந்து கவிழ்ந்து கிடந்தன. தரையில் பொட்டு ஈரமில்லை. அந்த வளவில் ஒரு கிணறு உண்டு. இருபதடிக் கயிறு விட்டால்தான் குடம் நனையும். அன்றைக்கு விளிம்பிலிருந்து கையை நீட்டியே தண்ணீரைத் தொட்டார். செம்மண் கலங்கல். ஆறு மண்ணுக்கடியில் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது.

தெருவில் ஓடி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். “வெள்ளம் வருது, மேட்டுக்கு ஓடுங்க!”

“ஆடியில ஆறு ஏறத்தான் செய்யும், அப்புறம் எறங்கும்” என்றாள் எதிர்வீட்டு முத்தாயம்மாள். “நம்மளக் கெளப்பி உட்டுட்டு, எந்தூட்டுத் தறியில என்ன கரை ஓடுதுன்னு பாக்கப் போறாராட்டருக்குது.”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் திண்டாட்டத்திலும் அவர் தன் பாவு நூலை அறுத்துச் சுருட்டிக் காப்பாற்றப் போகவில்லை. கடைசி வீடு வரை தட்டிக்கொண்டேயிருந்தார். யாரும் அசையவில்லை.

அப்போது அமிர்தசாமி பூசை முடிந்து வந்தார். சென்னியப்பன் மூச்சிரைக்க அவர் முன்னால் போய் நின்றார்.

“உம்மேல தப்பில்லப்பா. அது ஆத்துத்தண்ணி.”

அமிர்தசாமி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “ரோசி, புள்ளைங்களத் தூக்கு” என்றார். வீட்டைப் பூட்டக்கூட இல்லை. முத்தாயம்மாளின் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பட்டறைக் கிணற்றைக் காட்டினார். அவள் போட்ட கூச்சலில் தெரு கலைந்தது. ஒரு மணி நேரத்தில் பதினாறு வீடும் காலி.

மத்தியானம் நாங்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நின்று பார்த்தோம். எங்கள் தெருவில் கூரைகள் மட்டுமே தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அவையும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. சென்னியப்பனின் தறி, பாவு, எல்லாம் போயிற்று. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் அமிர்தசாமியையே முறைத்துக்கொண்டிருந்தார். அப்போதும் அவருக்குச் சந்தேகம் அடங்கவில்லை.

“ஊரே நம்பல. நீ மட்டும் எப்படி நம்புன? என்ன சங்கதி?”

“இந்தப் பன்னண்டு வருசத்துல ஒருத்தரு மேல தப்பில்லைன்னு உங்க வாயில வந்தது இன்னைக்குத்தானுங்க” என்றார் அமிர்தசாமி. “அதக் கேட்டதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க.”